சம்பந்தி சர்வருக்குப் போன சேதி

டாலிகஞ்ச், அந்தமான்
வியாழக்கிழமை

உசிலம்பட்டி சம்பந்தி திரு. ஒச்சப்பன் அவர்கள் சமூகத்துக்கு, டாலிகஞ்ச் சிவஞானம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரி மரகதமும் மணப்பெண் கார்த்திகாவும் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தி அம்மாளும் மாப்பிள்ளை பாலகுமாரும் சுகமாக, முக்கியமாகக் கோபமில்லாமல், இருக்க முருகனை வேண்டுகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தீவு வலைத்தளத்தில் நான் போட்ட பதிவைப் பார்த்திருப்பீர்கள். யாராவது கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்பதால் வார்த்தை மாறாமல் இங்கே தருகிறேன்: “கப்பலில் உலகம் சுற்றியதாகச் சொன்ன என் சம்பந்தி, சாத்தமில் பெர்ரி ஏறி எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டில் இறங்குவதற்குள் மூன்று முறை வாந்தி எடுத்தார். மூன்றாவது முறை, பக்கத்தில் நின்றவரின் ஸ்கூட்டர் மேல்.” இதை நான் விஷமத்தில் எழுதவில்லை. இரண்டு மாதமாக அதே தளத்தில் தினமும் ரோஜாப்பூ, குத்துவிளக்கு, சூரியன் என்று மாற்றி மாற்றிப் படம் போட்டு தங்களுக்குக் குட் மார்னிங் அனுப்புகிறேன், ஒரு மாதமாக ஒரு பதிலும் இல்லை. பெண் வீட்டார் என்றால் இவ்வளவு இளக்காரமா என்று மனசு வெந்து, தீவுக்காரர்கள் நாலு பேர்தானே படிக்கப்போகிறார்கள் என்று எழுதிவிட்டேன்.

கார்த்திகா அதைப் பார்த்துவிட்டு, “அப்பா, மாமா உங்களை ஃபாலோ பண்றாரு. நீங்க போடுறதெல்லாம் அவங்க ஊர் சர்வருக்கும் போகும்” என்று அழுதாள். உடனே அழித்தேன். அழித்துவிட்டு, எங்கள் தளத்தின் சர்வரைத் தன் மொபைல் கடையில் வைத்து நடத்தும் நௌஷாத்திடம் செருப்புகூட மாட்டாமல் ஓடினேன். அவன் சொல்கிறான்: “அண்ணே, நம்ம சர்வர் வேற, அவங்க சர்வர் வேற. நீங்க எழுதினதோட காப்பி ஒண்ணு அங்க போய் உக்காந்துக்கும். நீங்க அழிச்சா, ‘அதை அழிச்சிருங்க’ன்னு இங்கேருந்து ஒரு சேதி போகும், அவ்ளோதான். அழிக்கிறதும் அழிக்காததும் அவங்க இஷ்டம்.” முப்பத்திரண்டு வருடம் படகு ஜெட்டியில் டிக்கெட் கிழித்தவன் நான். இந்தக் கரையில் ரத்து செய்த டிக்கெட் அந்தக் கரையிலும் செல்லாது. இங்கே அந்தச் சட்டமெல்லாம் கிடையாதாம். அழித்துவிட்டார்களா என்று கேட்டால், “பதில் வரலையே அண்ணே. டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க, நம்ம சர்வர் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கும்” என்கிறான். நாலு நாளாக அது தட்டிக்கொண்டிருக்கிறது, எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறது. போன் மணி அடித்தால் கல்யாணம் நின்றது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று முருகனைக் கும்பிட்டுவிட்டு ஓடுகிறேன். எடுத்தால் கேஸ் சிலிண்டர்காரன். கார்த்திகா என் மேல் கோபமாக இருக்கிறாள். தோசையை வைத்துவிட்டுப் போகிறாள், சட்னி கிடையாது.

சம்பந்தி, என் வாய்க்கொழுப்புக்கு என் பெண்ணைத் தண்டித்துவிடாதீர்கள். அவள் பாலகுமாரை மனசார நினைத்துவிட்டாள். வேண்டுமானால் மணமேடையிலேயே தங்கள் காலில் விழுகிறேன். இன்னொரு உண்மையும் சொல்லிவிடுகிறேன்: அன்று பெர்ரியில் எனக்கும் குமட்டியது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சரக்கு எடுக்க மதுரை வரும் நௌஷாத் கையில், முதல் கல்யாணப் பத்திரிகை வைத்த கவரிலேயே இதையும் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
சிவஞானம்

கவரின் மேல் எழுதியது: சம்பந்தி, இதை முதலில் படிக்கவும். கப்பலுக்குக் கிளம்பி வந்த நௌஷாத் இப்போதுதான் சொல்கிறான்: “அண்ணே, அவங்க சர்வர் ஒரு மாசமா நம்ம சர்வரையே தடுத்து வச்சிருக்கு. உங்க பதிவு அங்க போகவே இல்ல. அதை நடத்துறவங்ககிட்ட கேட்டேன், தினமும் வர்ற குட் மார்னிங் படம் தாங்க முடியலைங்கிறாங்க.” கடிதத்தை எடுத்துவிடலாம் என்றால், மரகதம் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி ஒட்டிவிட்டாள். “மஞ்சள் வச்ச கவரைப் பிரிச்சா கல்யாணத்தையே பிரிச்ச மாதிரிங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஆகையால் தாங்களே பிரித்து, பத்திரிகையை மட்டும் எடுத்துக்கொண்டு, வெள்ளைத் தாளைப் படிக்காமல் நௌஷாத்திடம் திருப்பிக் கொடுக்கவும். அதில் வாந்தியைப் பற்றி எதுவும் இல்லை.