பதினோரு பேர் கண்டுபிடித்த கூண்டு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் யார் என்று இன்றுவரை உலகத்துக்குத் தெரியாது. நெருப்பை மூட்டியவன் பெயரும் தெரியாது. மனித குலத்துக்கு இதைவிடப் பெரிய இழுக்கு வேறில்லை. இந்த இழுக்கைத் துடைத்தெறிந்த பெருமை, கசகஸ்தான் புல்வெளியில் நிலக்கரித் தூசியைப் போர்த்திக்கொண்டு கிடக்கும் கோக்சாய் ஊரின் எலும்பு மருத்துவமனையைத்தான் சேரும். அங்கே கண்டுபிடித்தது ஒரே ஒரு கருவி. கண்டுபிடித்தவர்களோ பதினோரு பேர். பதினோரு பெயர்களும் காப்புரிமைச் சான்றிதழில் தங்க ஓரத்துக்குள் அச்சாகி, தலைவர் அறையில் கண்ணாடிக்குள் தொங்கின. இனி எந்தக் காலத்திலும் யாரும் "இது யார் வேலை?" என்று திகைக்க வேண்டியதில்லை.

முதல் பெயர் தலைவர் குவாந்திக் ஒர்தபாயெவிச். அவர் அனுமதி கொடுத்தார். இரண்டாவது துணைத் தலைவர். அனுமதி கொடுக்கும்போது பக்கத்தில் நின்றார். மூன்றாவது கணக்குத் துறை அதிகாரி; இரும்புக்குக் காசு இல்லை என்று சொல்லி, குறைந்த இரும்பில் செய்யும் "சிந்தனை"யைத் தூண்டினார். நான்காவது, தலைவரின் மருமகன். அவன் தலைநகரில் படிக்கிறான், தொலைவிலிருந்தே கண்டுபிடித்தான். இப்படியே பதவி வரிசையில் இறங்கிக்கொண்டு போனால் கடைசியில் டாக்டர் ஜானில் வருவார். படம் வரைந்தது, அரத்தால் தேய்த்தது, மூன்று முறை தப்பாகச் செய்து நான்காவது முறை சரியாகச் செய்தது எல்லாம் அந்த அம்மாள். இவ்வளவு சில்லறை வேலைகள் செய்தவருக்கும் இடம் கொடுத்தார்கள் என்பதிலிருந்தே மருத்துவமனையின் பெருந்தன்மை விளங்கும்.

சான்றிதழில் கருவியின் பெயர் மூன்று வரி. அதைக் காலில் போட்டுக்கொண்டிருந்த செரிம்பெத் அதைக் 'கூண்டு' என்றான்.

செரிம்பெத் நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். பிப்ரவரி மாதம் கூரையில் பனி தள்ளப் போய், பனிக்கு முன்னால் அவன் தரைக்கு வந்து சேர்ந்தான். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. கூண்டு என்பது நாலு இரும்பு வளையம், வளையத்திலிருந்து எலும்புக்குள் ஊடுருவிப் போகும் கம்பிகள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் திருகுகள். ஜானில் தினமும் காலையில் வந்து ஒரு திருகை மயிரிழை திருப்புவார். செரிம்பெத் பல்லைக் கடித்துக்கொள்வான்.

"டாக்டரம்மா, கிளட்சு மிதிக்கிற காலு இது. கோணலாச்சுன்னா லாரியில ஏற விடமாட்டாங்க."

"கூண்டு காலுல இருக்கிற வரைக்கும் கோணாது அண்ணே. பனி உருகி, புல்லு வரட்டும். அதுக்கு முன்னாடி யாரு கேட்டாலும் கழட்ட விடாதீங்க."

"இத எவன் கேக்கப்போறான்?" என்று செரிம்பெத் சிரித்தான்.

அவன் மனைவி ஷாரிபா பாத்திரத்தில் கறிக்கொழுக்கட்டை கொண்டுவந்து வைப்பாள். கூண்டைப் பார்த்து, "இருபது வருசமா உன்ன வீட்டுல இருக்க வைக்க நான் படாதபாடு பட்டேன். இவங்க நாலு வளையத்துல முடிச்சுட்டாங்க. இதுக்கு நான்தான் காப்புரிமை வாங்கியிருக்கணும்" என்பாள்.

பக்கத்துக் கட்டிலில் கென்ஷிலிக் கிடந்தான். தண்டவாளம் பராமரிக்கிற ஆள். மார்ச் தொடக்கத்தில் உறைபனியில் சறுக்கி அவனும் அதே இடத்தில் எலும்பை உடைத்துக்கொண்டான். அவன் காலில் கயிறு கட்டி, கயிற்றில் எடைக்கல் தொங்கவிட்டிருந்தார்கள்.

"அண்ணே, சீக்கிரமா எலும்பச் சேத்துக்குங்க. அடுத்து கூண்டு எனக்குத்தான். டாக்டரம்மா வாக்கு குடுத்திருக்காங்க."

"டேய், இது என்ன பொதுக் குளியலறையா, வெளிய நின்னு கதவத் தட்ட?"

இன்னொன்று செய்தால் என்ன என்று ஜானில் தலைவரிடம் கேட்காமல் இல்லை. தலைவர் அன்போடு விளக்கினார்: "பாரும்மா, ஒண்ணு செஞ்சா அது கண்டுபிடிப்பு. ரெண்டு செஞ்சா அது உற்பத்தி. உற்பத்தி வேற துறை. அடுத்தவங்க துறையில நாம கை வைக்கலாமா?"

இந்த நிலையில்தான் வசந்தப் பண்டிகையை ஒட்டி, தலைநகரிலிருந்து புதுமைகளைப் பார்வையிடும் குழு வருவதாகத் தகவல் வந்தது. குழுவின் தலைவர் மிர்காசிம் தெமிரோவிச்.

உடனே மருத்துவமனையில் நல்ல பொருட்களை ஒளிக்கும் பணி தொடங்கியது. இதில் களவு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளி ஒரு பொருளைப் பார்த்து மனம்விட்டுப் புகழ்ந்துவிட்டால் அது அவருடையது. வீட்டுக்காரன் நெஞ்சில் கை வைத்து "எடுத்துக்குங்க" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாதவன் மனிதனே இல்லை. விருந்தாளியும் வேண்டாம் என்று தள்ளக் கூடாது. தள்ளினால் வீட்டுக்காரன் முகத்தில் அடித்த மாதிரி. ஆகவே தலைவர் அறையிலிருந்த வெள்ளி வேலைப்பாடு செய்த குதிரைச் சேணம், துணி அலமாரிக்குள் போயிற்று. வேட்டைக் கழுகுப் பொம்மை உட்கார்ந்த கடிகாரம் பிணவறைப் பக்கம் போயிற்று. வார்டுச் சுவர்களிலும் ஆணிகள்தான் மிஞ்சின. காப்புரிமைச் சான்றிதழை மட்டும் விட்டுவைத்தார்கள், அதை யாரும் புகழ மாட்டார்கள் என்று.

செரிம்பெத்துக்குச் சவரம் செய்து, கூண்டைப் பல்பொடி போட்டுத் துலக்கினார்கள். தலைவரே வந்து ஒத்திகை பார்த்தார்.

"தம்பி, நீ ஒண்ணும் பேசாத. உன் காலு பேசட்டும்."

"எனக்கும் அதுக்கும் இப்ப அவ்வளவு பேச்சுவார்த்தை இல்லீங்க."

விருந்து கீழ்த்தளத்தில் நடந்தது. மிர்காசிம் தெமிரோவிச்சுக்குப் பெரிய விருந்தாளிக்குரிய ஆட்டுத்தலையை வைத்தார்கள். குதிரைக்கறித் தொத்திறைச்சி அவர் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தது. வயிறும் மனமும் நிறைந்து, மூச்சு வாங்க, படியேறி அவர் வார்டுக்குள் நுழைந்தார். நல்ல மனிதர். சாப்பிட்ட பிறகு எதையாவது இரண்டு வார்த்தை பாராட்ட வேண்டும் என்று நினைத்தவர். சுவர்களைப் பார்த்தார், ஆணி. மேசையைப் பார்த்தார்; ஒன்றுமில்லை. கடைசியில் வெயிலில் பளபளத்த செரிம்பெத்தின் காலைப் பார்த்தார். மேல் வளையத்தை விரலால் சுண்டினார்.

"அடடா! அருமையான சாமான்யா! இப்படி ஒண்ண நான் எங்கயும் பாத்ததில்ல."

தலைவரின் வலது கை, அவரைக் கேட்காமலே, அவர் நெஞ்சுக்குப் போய்விட்டது.

"உங்களுக்குத்தான்! எடுத்துக்குங்க!"

செரிம்பெத் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஐயா, அது என் காலுல இருக்குங்க."

"அதனால என்ன தம்பி? காப்புரிமையிலயே எழுதியிருக்கு, 'எளிதில் கழற்றத்தக்கது'ன்னு."

"கூரையில இருந்து விழறதும் ரொம்ப எளிதுதாங்க."

மிர்காசிம் தெமிரோவிச்சின் முகம் வெளுத்தது. அவருக்கு அது வேண்டவே வேண்டாம். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஆனால் தள்ள முடியாது. கொடுத்தவரும் திரும்பப் பெற முடியாது. இரண்டு கண்ணியமான மனிதர்களுக்கு நடுவில் செரிம்பெத்தின் கால் மட்டும் கண்ணியம் இல்லாமல் நீட்டிக்கொண்டு கிடந்தது.

அவசரக் கூட்டம் கூடியது. இடம், செரிம்பெத்தின் கட்டிலைச் சுற்றி. "பரிசின் இருப்பிடத்திலேயே முடிவெடுப்பது முறை" என்று துணைத் தலைவர் சொன்னார். கணக்குத் துறை அதிகாரி முதல் யோசனையை வைத்தார்.

"கருவியக் கழட்டாம, நோயாளியோட சேத்தே அனுப்பிட்டா?"

"எங்க, அவங்க வீட்டு அலமாரியிலயா நிக்கணும்?" என்றான் செரிம்பெத்.

வாசலில் கொழுக்கட்டைப் பாத்திரத்தோடு நின்ற ஷாரிபா, "அனுப்புங்க, ஆனா திருப்பி அனுப்பக் கூடாது. குடுத்தது குடுத்ததுதான்" என்றாள். ஆனால் உள்ளே வந்து, கட்டிலின் கால்மாட்டில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"சரி, கழட்டிடலாம்" என்று தலைவர் முடிவு சொன்னார். "டாக்டரம்மா, கழட்டுங்க."

ஜானில் சட்டைப் பையிலிருந்து திருகுச் சாவியை எடுத்து நீட்டினார். "எலும்பு இன்னும் சேரலங்க. இப்பக் கழட்டினா காலு கோணிப்போகும். கருவியக் கண்டுபிடிச்சவங்க யாராவது ஒருத்தர், 'என் பொறுப்புல கழட்டலாம்'னு கையெழுத்துப் போடட்டும். நாமதான் பதினோரு பேரு இருக்கோமே."

அப்போது அந்த வார்டில் நடந்ததுபோல் ஒரு காட்சி அறிவியல் வரலாற்றில் அரிது. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் அடக்கம் வந்துவிட்டது.

"நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்" என்றார் துணைத் தலைவர். "நான் காசு இல்லன்னுதான் சொன்னேன்" என்றார் கணக்குத் துறை அதிகாரி. தலைவர் தன் மருமகனைப் பற்றி, "அவன் சின்னப் பையன், அவனுக்கு இரும்புக்கும் எலும்புக்கும் வித்தியாசம் தெரியாது" என்றார். தன்னைப் பற்றி இன்னும் தாழ்மையாக, "நான் வெறும் நிர்வாகிம்மா" என்றார். எல்லோரும் ஜானிலைப் பார்த்தார்கள்.

"அப்ப இது என்னோடது" என்றார் ஜானில். "எலும்பு சேந்தப்புறம்தான் கழட்டுவேன்."

மிர்காசிம் தெமிரோவிச் பாய்ந்து அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப சரி! பரிசு எனக்கு வந்து சேந்துடுச்சு. இப்போதைக்கு அது இவரு காலுலயே இருக்கட்டும். நானே சொல்றேன்."

இரு தரப்புக்கும் கௌரவம். அன்று சாயங்காலமே கூண்டின் மேல் வளையத்தில் ஒரு தகடு கட்டினார்கள்: 'மிர்காசிம் தெமிரோவிச் அவர்களின் உடைமை. கவனமாகக் கையாளவும்.' செரிம்பெத் நொண்டிக்கொண்டு கழிவறைக்குப் போகும்போதெல்லாம் கென்ஷிலிக் குரல் கொடுப்பான்: "அண்ணே, பெரிய மனுசர் சொத்து, சுவத்துல இடிச்சிடாதீங்க!" தலைநகரிலிருந்து வாரம் ஒரு தொலைபேசி வரும், பரிசு எப்படி இருக்கிறது என்று கேட்டு. மிர்காசிம் தெமிரோவிச் காலைப் பற்றியும் சில சமயம் கேட்பார்.

பனி உருகியது. புல்வெளியில் சிவப்புச் சிவப்பாகக் காட்டுத் துலிப் பூத்தது. எலும்பு சேர்ந்தது. ஜானில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நேரா இருக்கு அண்ணே, கோடு போட்ட மாதிரி" என்றார். கென்ஷிலிக்கின் காலைக் கழுவி, சவரம் செய்து, கூண்டுக்குத் தயாராக வைத்திருந்தார்கள். எடைக்கல் தொங்கியும் அவன் எலும்பு அதன் இஷ்டத்துக்குத்தான் சேரப் பார்த்தது. கூண்டு போட்டால்தான் நேராகும்.

கடைசிக் கம்பியை ஜானில் உருவியதும் கதவு திறந்தது. தலைவர் நின்றார். கையில், பரிசைத் தலைநகருக்கு அனுப்ப, நீலப் பட்டு விரித்த பெட்டி.

"ஐயா," என்றான் செரிம்பெத், "இவன் காலுல கொஞ்ச நாள் இருக்கட்டுமே. புல்லு காயறதுக்குள்ள குடுத்துடலாம். பரிசு எங்க ஓடப்போகுது?"

"தம்பி, விருந்தாளிக்கு யாராவது பழசக் குடுப்பாங்களா?"

"இது என் காலுல இருந்ததுதானேங்க? அதுவும் பழசுதானே?"

"நீ போட்டது, குடுக்கறதுக்கு முன்னாடி. இவன் போட்டா, குடுத்ததுக்கு அப்புறம்."

செரிம்பெத் தலைநகருக்கே தொலைபேசி செய்தான். மிர்காசிம் தெமிரோவிச் உண்மையாகவே வருந்தினார். "எனக்கு வேணாம்பா. ஆனா நான் வேணாம்னு சொன்னா உங்க தலைவர் மனசு உடைஞ்சிடுமே. எலும்பு உடைஞ்சா ஒட்டலாம். மனசு?"

"அண்ணே," என்றான் கென்ஷிலிக், "நீங்க போயி 'அருமையான சாமான்'னு சொல்லிப் பாருங்க. உங்களுக்கே குடுத்துடுவாங்க."

செரிம்பெத் அதையும் சொல்லிப் பார்த்தான், தலைவர் காதுபட, உரக்க. தலைவர் மகிழ்ந்துபோனார். ஆனால் அவர் கை நெஞ்சுக்குப் போகவில்லை. விருந்தாளி புகழ்ந்தால்தான் பரிசு. நோயாளி புகழ்ந்தால் அது கருத்துப் பெட்டியில் போட வேண்டியது.

பெட்டி தலைநகருக்குப் போயிற்று. புதிதாக ஒன்று செய்ய ஜானில் எழுதிய விண்ணப்பம் உற்பத்தித் துறையைத் தேடிப் போயிற்று. அப்படி ஒரு துறை எங்கே இருக்கிறது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். கென்ஷிலிக்குக்கு மாவுக்கட்டு போட்டார்கள். கால் ஒரு விரல்கடை குட்டையாகச் சேர்ந்தது. தண்டவாளத்தில் கட்டைக்குக் கட்டை தாண்டி நடக்கிற வேலைக்கு இனி அவன் ஆகமாட்டான் என்று ரயில்வேக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் பாராட்டு விழா நடந்தது. பதினோரு பேரும் மேடையில் உட்கார்ந்தார்கள். பதவி வரிசைப்படி தங்கச் சரிகை வைத்த மேலங்கி போர்த்தினார்கள். ஜானிலுக்கு வரும்போது மேலங்கி தீர்ந்துவிட்டதால் பூங்கொத்து. சான்றாகச் செரிம்பெத்தை மேடையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்க விட்டார்கள். கால் நேராக இருந்தது. லாரியும் ஓட்டுகிறான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"ரெண்டு வார்த்தை பேசு தம்பி" என்று தலைவர் ஒலிபெருக்கியை நீட்டினார்.

செரிம்பெத் கடைசி வரிசையைப் பார்த்தான். கென்ஷிலிக் ஒரு தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நல்ல கருவிங்க," என்றான் செரிம்பெத். "நான் பிப்ரவரியில விழுந்தேன், நடக்கறேன். அதோ அவன் மார்ச்ல விழுந்தான். எங்க ரெண்டு பேருக்கும் வேற ஒரு வித்தியாசமும் இல்ல."

மேடையில் மேலங்கிகள் சலசலத்தன. அப்போது கென்ஷிலிக் தடியை ஊன்றி மெதுவாக எழுந்தான்.

"அண்ணன் சொல்றது சரிதாங்க. தப்பு என்மேலதான். எங்க ஊரு ஆளுங்க இனிமே பெரியவங்க வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே விழுந்துக்கறோம்."

தலைவருக்கு நிம்மதியாகச் சிரிப்பு வந்தது. விழாவின் கூட்டக் குறிப்பில் அது இப்படிப் பதிவாகியிருக்கிறது: 'பொதுமக்கள் தரப்பிலிருந்து ஆக்கபூர்வமான ஆலோசனை ஒன்று வந்தது. ஒருமனதாக ஏற்கப்பட்டது.'