இடைத்தரகர் ஒழிந்த கணினி

கடலூரில் மனு முடிப்பு அலுவலகம் என்று ஒன்று உண்டு. மக்களின் மனுக்களை முடித்து வைப்பதற்காக அரசு பெரிய மனது பண்ணி ஏற்படுத்தியது. அங்கே இருந்த ஒரே கணினி ஒரு செவ்வாய்க்கிழமை புகைவிட்டு, பொதுநலன் கருதி ஓய்வு பெற்றது. புதுசு வந்தது. ஆனால் அதன் சிப் வேறு ரகம். பழைய மென்பொருள் அதில் ஓடவில்லை. புது மென்பொருள் வாங்க அனுமதி வேண்டும். அனுமதி கேட்கும் மனுவைப் பழைய மென்பொருளில்தான் போட முடியும்.

ஒப்பந்த ஊழியர் சிந்துஜாவைக் கூப்பிட்டார்கள். மாசக் கடைசியில் அவள் ஒப்பந்தம் முடிகிறது. இதை ஓட வைத்தால் நீட்டிப்பு. இல்லாவிட்டால் சிப்காட்டில் பேக்கிங் வேலை, நைட் ஷிப்ட். அவளுக்குத் தூக்கம் ரொம்பப் பிடிக்கும். உட்கார்ந்து ஒரு எமுலேட்டர் எழுதினாள். அதாவது, புதுக் கணினிக்குள் பழைய கணினி மாதிரி நடிக்கிற மென்பொருள்.

நடிப்பில் ஒரு சிக்கல். எந்த மென்பொருளும் தானாகக் கோப்பைத் தொடாது. கணினியிடம் எண் சொல்லித்தான் கேட்கும். பழைய சிப்பில் மூன்று என்றால் 'படி'. புதியதில் மூன்று என்றால் 'மூடு'. பழையதில் நாலு என்றால் 'எழுது'. புதியதில் அது 'கோப்பு எவ்வளவு பெரிசு என்று மட்டும் பார்'. பழையதில் ஒன்று என்றால் 'வேலை முடிஞ்சுது, கிளம்புறேன்'. புதியதில் அதுதான் 'எழுது'. அதனால் நடுவில் ஒரு அட்டவணை வைத்து, வரும் எண்ணைப் புது எண்ணாக மாற்றி அனுப்பினாள். எல்லாம் ஒழுங்காக ஓடியது.

கண்காணிப்பாளர் அருள்முருகன் பார்வையிட வந்தார். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். வந்த களைப்பு தீர்வதற்குள் திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அன்றைக்கு எப்படியோ தீர்ந்துவிட்டது.

"நடுவுல இது என்னம்மா?"

"அட்டவணை சார். இந்தப் பக்கம் கேக்குறத அந்தப் பக்கத்துக்குப் புரியிற மாதிரி மாத்திச் சொல்லும்."

"அப்ப இடைத்தரகர்."

"சார், அது வெறும்..."

"வாசல்ல போர்டு பாத்தியா? இடைத்தரகர்களை அணுகாதீர்னு நாந்தான் செவப்புல எழுத வச்சேன். நீ உள்ளயே ஒருத்தன உக்கார வச்சிருக்க. மூணுன்னா மூணு. அத மாத்த இவன் யாரு?"

அவனை எடுத்தால் படிக்கச் சொன்னதும் மூடிவிடும் என்று சிந்துஜா சொல்லிப் பார்த்தாள். அது நம் நடைமுறைக்கு விரோதமா என்று அவர் கேட்டார். நீட்டிப்பு தர வேண்டியவரும் அவர்தான். எடுத்திருக்கக் கூடாது. எடுத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து அலுவலகம் பறந்தது. மென்பொருள் ஒவ்வொரு மனுவையும் படிக்கப் போய் மூடியது. ஆணை எழுதப் போய், மனு எவ்வளவு பெரிசு என்று பார்த்துவிட்டுத் திரும்பியது. சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில்தான் எழுதவே ஆரம்பித்தது. அந்த அவசரத்தில் எல்லாருக்கும் ஒரே வரி: 'தங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது.' வருஷக்கணக்கில் கிடந்ததெல்லாம் ஒரே வாரத்தில் காலி. பண்ருட்டியிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும் இந்த மென்பொருளைக் கேட்டு ஆள் வந்தது. அருள்முருகனுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

மாசக் கடைசியில் சிந்துஜா நீட்டிப்பு கேட்டுப் போனாள். கணினியில் மனுவாகப் போடச் சொன்னார்.

"அதுல போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும் சார்."

"தெரியும். சீக்கிரம் ஆகும்."

அன்று சாயங்காலமே ஆயிற்று.

மறுநாள் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது வாசலில் பெரிய வரிசை. முன்னால் சிதம்பரம் ஜமாலுதீன் பாய், கையில் ஒரு தாள். டீக்கடை லைசென்ஸுக்கு அலையாய் அலைந்தவர். அவருக்கும் அதே ஒரு வரிதான் வந்திருந்தது. சிந்துஜாவுக்கு மனசு உறுத்தியது. உங்கள் மனுவை யாருமே படிக்கவில்லை என்று உடைத்துச் சொல்லிவிட்டாள்.

"தெரியும்மா," என்றார் பாய். "முன்னாடியும் யாரும் படிக்கல. ஆனா நாளைக்கு வா, நாளைக்கு வான்னு பஸ் அலைச்சல் ஜாஸ்தி. இப்ப அன்னிக்கே சொல்லிடுறாங்க பாரு, அது பெரிய விஷயம்."

இந்தச் சேவை என்றென்றும் தொடர வேண்டும் என்று பாராட்டு மனு எழுதி வந்திருந்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பேனா சிந்துஜாவிடம் வந்தது.

அவள் எழுதிய மென்பொருளை யாராவது பாராட்டுவது அதுதான் முதல் தடவை. போட்டாள்.