விதி பத்தொன்பதின்படி நான் நீக்கப்பட்ட விவரம்

மனிதனுக்கு நண்பர்கள் அவசியம் என்பது அனைவரும் ஒப்புக்கொண்ட விஷயம். மேற்படி அவசியத்தை முன்னிட்டு, நாற்பத்தாறாவது வயதில் நான் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். சிவப்பு நிறம். இரண்டே இருக்கை. வீட்டில் நாங்கள் நான்கு பேர்.

"மீதி ரெண்டு பேர் எப்படிங்க வர்றது?" என்றாள் மனைவி.

"மாத்தி மாத்திப் போகலாம்."

"நாலு பேரையும் ஒண்ணா ஏத்திக்கிட்டுப் போற வண்டி தெருமுனையிலயே நிக்குதே. அதுக்குப் பேரு பஸ்."

ரசனை இல்லாதவர்களிடம் விவாதிப்பதில் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் முற்றத்தில், ஞாயிறு காலைகளில், என்னைப் போன்ற இன்னும் நான்கு பேர் தங்கள் வண்டிகளோடு கூடுவார்கள். பல் டாக்டர், பேக்கரிக்காரர், கணக்கு வாத்தியார், நர்ஸ் அக்கா. எல்லோரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்போம். என்ன பார்க்கிறோம் என்பது நர்ஸ் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற நால்வரும் "ம்ம்" என்று தலையாட்டுவோம். பேக்கரிக்காரர் பன் கொண்டுவருவார். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் யாரும் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்ததில்லை. இங்கே மலர்ந்தார்கள். அதற்காகவே வாரம் முழுவதும் காத்திருப்பேன்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததைப் பல் டாக்டருக்குப் பொறுக்கவில்லை.

"இதை ஒரு முறையான சங்கமா ஆக்கிடலாமே" என்றார்.

அவர் தலைவரானார். அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதுபவன் என்பதால் நான் செயலாளர். ஒரே வாரத்தில் நாற்பத்து மூன்று விதிகள் எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். படித்துப் பார்த்தவர் எவரும் இல்லை.

விதி ஏழின்படி, ஸ்போர்ட்ஸ் கார் என்பது உறுப்பினரின் மார்பளவுக்கு மேல் உயராத வண்டி. யாருடைய மார்பு என்ற கேள்வி எழுந்தது. தலைவருடைய மார்பே அளவுகோல் என்று தீர்மானம் நிறைவேறியது. எங்களில் குள்ளமானவர் அவர்தான். வாத்தியாரின் வண்டி இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது.

"டாக்டர் ஒரு செங்கல் மேல ஏறி நின்னா சரியாப் போச்சு" என்றார் வாத்தியார்.

"தலைவர் செங்கல் மேல நிக்கலாம்னு விதி இருக்கா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

புரட்டிப் பார்த்தேன். இல்லை.

வாத்தியார் கணக்குப் போட்டு, நான்கு டயர்களிலும் காற்றை இறக்கினார். உயரம் சரியாகிவிட்டது. ஆனால் வண்டி நகரவில்லை. விதி பத்தொன்பதின்படி, சொந்த சக்தியால் நகராதது வண்டியே அல்ல. வாத்தியார் நீக்கப்பட்டார்.

அடுத்தது நர்ஸ் அக்கா. உடைந்துபோன பக்கக் கண்ணாடிக்குப் பதிலாக ஸ்கூட்டர் கண்ணாடியை மாட்டியிருந்தார். அசல் உதிரிபாகம் ஒன்றுகூடக் குறையக் கூடாது, வேறெதுவும் மாட்டக் கூடாது என்பது விதி இருபத்திரண்டு.

"பின்னாடி வர்ற லாரி தெரிய வேண்டாமா?" என்றார் அக்கா.

"முந்திப் போறதுக்கு வாங்கின வண்டி. பின்னாடி என்ன பார்வை?" என்றார் டாக்டர்.

எங்களில் உண்மையாகவே வண்டி ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் இவ்வாறு நீக்கப்பட்டார்.

விதி முப்பத்தொன்று: உறுப்பினர் பிறர் உதவியின்றி வண்டியில் ஏறி இறங்க வேண்டும். பேக்கரிக்காரர் ஏறிவிட்டார். இறங்க முடியவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து நானும் டாக்டரும் இழுத்தோம்.

"நீங்க இழுக்காம இருந்திருந்தா நான் விதியை மீறியிருக்க மாட்டேன்" என்றார் அவர், சட்டையைச் சரிசெய்தபடி.

"இழுக்கலைன்னா இன்னும் உள்ளயேதான் இருந்திருப்பீங்க."

"உள்ளயே இருந்தா உறுப்பினர்தானே?"

யோசித்துப் பார்த்தேன். உறுப்பினர்தான். ஆனால் காலம் கடந்துவிட்டது.

மறு வாரம், கிடங்கு வாசலுக்குப் பத்தடி முன்னால் என் வண்டி நின்றுபோனது. இறங்கி, தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"விதி பத்தொன்பது" என்றார் டாக்டர்.

"சொந்த சக்தியாலதானே வந்தேன்!"

"வண்டியோட சொந்த சக்தியா, உங்க சொந்த சக்தியா? நீங்க எழுதினதுதானே, நீங்களே சொல்லுங்க."

விளக்கம் கேட்டு எனக்கு நானே குறிப்பாணை அனுப்பினேன். உருக்கமாக ஒரு விளக்கம் சமர்ப்பித்தேன். அன்னாரின் விளக்கம் ஏற்புடையதாக இல்லை. நீக்கல் உத்தரவை நானே எழுதி, நானே உறையிலிட்டு, பெற்றுக்கொண்டேன் என்று நானே கையெழுத்தும் போட்டேன். என் உத்தியோக வாழ்வில் இவ்வளவு வேகமாக நகர்ந்த கோப்பு வேறில்லை.

அதன்பின் வந்த ஞாயிறு, வீட்டு வாசலில் நின்ற வண்டிக்குள் சும்மா உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

"கண்ணு ஏன் கலங்கியிருக்கு?"

"தூசி."

"கண்ணாடியெல்லாம் ஏத்திதானே இருக்கு?"

நான் ஸ்டீயரிங்கைத் துடைத்தேன்.

"இவ்வளவு நாளா வண்டியைக் காட்டப் போனீங்களா, அவங்களைப் பார்க்கப் போனீங்களா?"

"அவங்களைத்தான்."

"அதுக்கு வண்டி எதுக்குங்க? எழுந்து போங்க."

பஸ்ஸில் போனேன். கிடங்கின் மதிலுக்கு வெளியே, காலொடிந்த ஒரு பெஞ்சில் வாத்தியாரும் நர்ஸ் அக்காவும் பேக்கரிக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். நீக்கப்பட்ட நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வந்துகொண்டுதான் இருக்கிறார்களாம். வாசலைத் தவிர வேறு பக்கம் பார்க்காததால் நான்தான் கவனித்ததில்லை. என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

"வாங்க செயலாளர், இப்ப எதை அளக்க வந்தீங்க?" என்றார் வாத்தியார்.

"என்னையும் நீக்கிட்டாங்க."

"யாரு?"

"நான்தான்."

பேக்கரிக்காரருக்குப் பன் புரையேறும் வரை சிரித்தார்கள். அக்கா நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க ஒரு வாசகம் தயாரித்து வைத்திருந்தேன். அதை யாரும் கேட்கிற மாதிரி தெரியவில்லை. அரைப் பன்தான் கைக்கு வந்தது.

உள்ளே தலைவரின் குரல் கேட்டது. "சென்ற கூட்ட நடவடிக்கைகள் வாசிக்கப்பட்டன. யாருக்காவது ஆட்சேபனை உண்டா?" கொஞ்ச நேரம் அமைதி. "இல்லை."

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "டாக்டர், வெளியே வாங்க!"

அவர் வாசல் வரை வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன. "நான் எப்படி வர்றது? என் மேல ஒரு குத்தமும் இல்லையே. நீக்கறதுன்னா செயலாளர் கையெழுத்து வேணும். அவரையும்தான் நீக்கியாச்சு."

அக்கா விறுவிறுவென்று உள்ளே போனார். டாக்டரின் மஞ்சள் வண்டியிலிருந்த பக்கக் கண்ணாடியை ஒரே திருகில் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

"உதிரிபாகம் குறையுது. விதி இருபத்திரண்டு. கையெழுத்து அப்புறம். இப்ப வாங்க."

டாக்டர் அந்தக் கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். அன்று யாரும் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. வாத்தியாருக்கு நாய்க்குட்டி வாங்க ஆசை என்பதும், டாக்டருக்கு ஊசியென்றால் பயம் என்பதும் எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அப்படியொரு காலை என் வாழ்வில் வந்ததில்லை.

அப்போது நான்கு கதவு வண்டி ஒன்று வந்து நின்றது. ஒருவர் இறங்கி, தயங்கித் தயங்கி எங்களிடம் வந்தார்.

"ரெண்டு வாரமா இந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கறேன். சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கீங்க. நானும் கொஞ்ச நேரம் உட்காரலாமா?"

நெருங்கி உட்கார்ந்தால் பெஞ்சில் இடம் இருந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"உங்களை எங்கேயிருந்து நீக்கினாங்க?" என்றேன் நான்.

"என்னையா? இதுவரைக்கும் எங்கேயும் நீக்கலைங்களே."

"அப்படின்னா கொஞ்சம் கஷ்டம்" என்றார் வாத்தியார், உண்மையான வருத்தத்தோடு.

வந்தவர் கோபித்துக்கொள்ளவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு பணிவாகக் கேட்டார்: "அதுக்கு ஏதாவது படிவம் இருக்குங்களா?"

ஐந்து பேர் முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்தது.