டர்காய்ஸ் கொக்கு

"இன்னும் எத்தனை தூரமுங்க சார்? இப்படியே வடக்க போனா காட்டுக்குள்ளதான் நிக்கோணும்" என்றார் குவாலிஸ் ஓட்டிய லிங்கசாமி.

"போய்க்கிட்டே இருங்க அண்ணாச்சி. தண்ணி தெளிவா இருக்க எடம் வரட்டும்" என்றான் முன்சீட்டில் இருந்த ஜெபக்குமார்.

அவன் பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவன். பின்சீட்டில் பைனாகுலரோடு இருந்த எரிக், டென்மார்க்கிலிருந்து சரக்கு வாங்க வந்த பையர். போன தடவை அனுப்பிய டர்காய்ஸ் நீல டி-ஷர்ட் ஒரே துவைப்பில் சாயம் விட்டு, மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. இருபது நாளாக எண்பது டெய்லர்கள் வேலம்பாளையம் லைன் வீடுகளில் சும்மா கிடக்கிறார்கள். இப்போது அதே நீலத்தில் புதுத் துணி. வெள்ளிக்கிழமை கட்டிங் தொடங்கியாயிற்று. இந்தத் தடவை சாயம் போகாது என்று ஜெபக்குமார் கையெழுத்துப் போட்டிருந்தான். நாளை எரிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்று ஞாயிறு. எரிக்குக்குப் பறவை பார்க்க வேண்டுமாம்.

"ஆத்துப் பக்கமே போயராதீங்க" என்றிருந்தார் முதலாளி கிட்டுசாமி. "சாயத்தண்ணியை அவன் கண்ணுல பாத்தான்னா ஆர்டர் போச்சுங்க. உங்களையும் உங்க ஊரு சாத்தான்குளத்துக்கு பஸ் ஏத்தி விட வேண்டியதுதானுங்க."

முதல் குட்டையில் நுரை மிதந்தது. துணி துவைத்த சோப்பு என்றான் ஜெபக்குமார். அடுத்த ஓடை சிவப்பாக ஓடியது. செம்மண் என்றான். குன்னத்தூர் தாண்டி, வீடே இல்லாத ஒரு குளத்தங்கரையில் வண்டி நின்றது. தண்ணீரில் வானம் தெரிந்தது. தூரத்தில் வெள்ளைக் கொக்குகள். ஜெபக்குமார் மூச்சு விட்டான்.

"ஜெப்! அது என்ன பறவை?" எரிக் பைனாகுலரை இறக்கவேயில்லை.

வெள்ளைக் கொக்குகளுக்கு நடுவே ஒன்று நின்றது. டர்காய்ஸ் நீலம்.

"சாயத்தண்ணியை டேங்கர் லாரியில கொண்டாந்து ராத்திரியோட ராத்திரியா ஊத்திட்டானுவ" என்று ஜெபக்குமார் லிங்கசாமியிடம் முணுமுணுத்தான். "கொக்கு மேலயே ஏறிருச்சு பாருங்க."

"மத்ததெல்லாம் வெள்ளையா இருக்குதுங்களே?"

"அதுவ எல்லாம் இப்பத்தான் வந்திருக்கும். சும்மா இருங்க."

எரிக்கிடம் திரும்பி, "ரொம்ப அபூர்வம் சார். இந்தப் பக்கம் மட்டும்தான்" என்றான்.

அது தப்பாகப் போயிற்று. முப்பது வருடமாகப் பறவை பார்க்கிறேன், இதைப் பார்த்ததில்லை என்று எரிக் ஸ்டாண்டை நட்டு கேமராவை மாட்டினார். இரண்டு மணி நேரம் போனது. வெயில் ஏறியது. கொக்கின் காலைச் சுற்றி நீலம் வட்டமாகப் பரவுவதை எரிக் கவனித்தார்.

"அது என்ன?"

"பாசி சார்."

"நீலப் பாசியா? ஆய்வுக்கு ஒரு பாட்டில் எடுத்துப் போகலாம்."

கொக்கைப் பறக்க வைத்தால் ஆள் கிளம்பிவிடுவார் என்று தோன்றியது. எரிக் பாட்டில் தேடிய நேரம் ஜெபக்குமார் ஒரு கல்லை வீசினான். வெள்ளைக் கொக்குகள் அத்தனையும் எழும்பிப் போயின. நீலக் கொக்கு அசையவில்லை.

"அதுக்கு உடம்பு சரியில்லை!" எரிக் பேன்ட்டைச் சுருட்டினார். "காப்பாத்தணும்!"

"சார், சார்! சேறு சார்!" ஜெபக்குமார் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். எண்பது டெய்லர்களும் அந்தக் கையில் தொங்குவதுபோல் இருந்தது.

"ஏனுங்க, கல்லு எறிஞ்சது ஆருங்க?" கோரைப்புல்லுக்குள்ளிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். பேர் பெரியாத்தாளாம். "விடியால இருந்து காத்துக் கெடக்கறனுங்க. கண்ணிக்குப் பக்கத்துல வந்ததையெல்லாம் முடுக்கி உட்டுட்டீங்களே!"

அவள் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் நீலக் கொக்கின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வந்தாள். எரிக் அலறினார்.

"கத்தாதீங்க சாமி, பொம்மைங்க. அலகும் காலும் மட்டுந்தான் செத்த கொக்கோடதுங்க. இதைப் பாத்துத்தான் மத்தது எறங்கும்." வண்டியில் எழுதியிருந்த கம்பெனி பெயரை அவள் மோவாயால் காட்டினாள். "என்ற மருமவ உங்க கம்பெனிலதானுங்க செக்கிங். நேத்து புதுத்துணி வெட்டுன கட்டிங் வேஸ்ட் கொண்டாந்தா. வெள்ளைத்துணி இல்லீன்னு இதுலயே தெச்சுப்புட்டேன்."

சொல்லிக்கொண்டே பொம்மையை முறுக்கிப் பிழிந்தாள். எரிக்கின் வெள்ளை ஷூ நீலமானது. அவர் ஷூவைப் பார்த்தார். பிறகு ஜெபக்குமாரைப் பார்த்தார். ஜெபக்குமார் குளத்தைக் கை காட்டினான்.

"தண்ணி... தண்ணிதான் சார் மோசம்."

"தண்ணியைச் சொல்லாதீங்க கண்ணு, நாங்க குடிக்கற தண்ணி" என்றாள் பெரியாத்தாள். "உங்க துணிதானுங்க சாயம் போகுது."