தலைதீபாவளிக்கு மாமனாரைக் குளிப்பாட்டியவன்

சிவகாசிக்காரன் என்று சொன்னால் போதும், பிறந்ததும் நாக்கில் சேனை என்று இனிப்பு தொட்டு வைப்பதற்குப் பதிலாகக் கையில் சரவெடியைக் கொடுத்திருப்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். என் மாமனாரும் அப்படித்தான் நினைத்திருந்தார். (அவர் ஊர் மல்லாங்கிணறு ஒன்றும் அமெரிக்காவில் இல்லை. இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும்.)

உண்மை என்னவென்றால், நான் பெரியவனாகி ஒரு வெடிகூடப் பற்றவைத்ததில்லை. பட்டாசுக் கம்பெனியில் எனக்கு பேக்கிங் வேலை. அங்கே வாசலிலேயே சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். வெடிமருந்துக்குப் பக்கத்தில் பொறி தெரிந்தால் தண்ணீரை ஊற்று, கத்து, ஓடு என்பது சேர்ந்த அன்றே சொல்லித்தரும் பாடம். ஒரு சீசனில் பக்கத்து ஷெட் பற்றிக்கொண்டது. ஓடியதால் பிழைத்தோம். அதற்குப் பிறகு தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டால் நான் இருந்த இடத்தில் இருக்க மாட்டேன். வீட்டில் ஸ்டவ் பற்றவைக்கும் நேரம் பார்த்து அடுத்த தெருவில் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். கல்யாணமான புதிதில் என் மனைவி செல்வி இதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ, எங்கள் தலைதீபாவளி. முதல் வெடி மாப்பிள்ளை கையால்தான் என்று மாமா சொல்லிவிட்டார். செல்வி அதைத் தெரு முழுக்கப் பெருமை அடித்து வைத்திருந்தாள். அவள் முகத்தில் கரி பூசிவிடக் கூடாதே என்பதுதான் என் ஒரே கவலை.

காலையில் வெடிப்பெட்டியைத் திறந்து வாசலில் வைத்த மாமா, கையில் புகையும் ஊதுபத்தியோடு நின்றார். எதிர்வீட்டுக்காரர் வந்தார். வணக்கம் சொல்ல இரண்டு கையும் வேண்டியிருந்ததால், மாமா ஊதுபத்தியைப் பெட்டியின் விளிம்பில் வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு என் மூளை பொறுப்பில்லை. கால் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீர் பெட்டி மேலும் மாமா மேலும் பாய்ந்தது. "எல்லாரும் வெளிய ஓடுங்க" என்று கத்தினேன். (எல்லாரும் வெளியேதான் நின்றார்கள்.) செல்வியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண்மாய்க்கரை வரை ஓடிவிட்டேன்.

அங்கே மூச்சு வாங்க நின்றபோதும் செல்வி கையை உருவிக்கொள்ளவில்லை. "கம்பெனில எதுவும் நடந்துச்சா?" என்று கேட்டாள். அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "சரி வாங்க. எங்கய்யா நனைஞ்சு நிப்பாக" என்றாள்.

மாமா சொட்டச் சொட்ட அதே இடத்தில் நின்றிருந்தார். "மாப்ள, நான் விடியமுன்னயே எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டேனே. இன்னொருக்க எதுக்குக் குளிப்பாட்டுனீக?" என்றார். தெருவே சிரித்தது. செல்வியும் சிரித்தாள். எனக்குத்தான் தலையைத் தூக்க முடியவில்லை.

அடுத்தடுத்த தீபாவளிகளில் நான் எங்கே நிற்கிறேன் என்பதைச் செல்விதான் கவனித்துவந்தாள். முதலில் அடுப்படி, பிறகு ஜன்னல், பிறகு வாசல்படி. "போன வருசம் படிக்கு உள்ள நின்னீக, இந்த வருசம் வெளிய நிக்கீக" என்பாள். "உள்ள காத்து இல்ல, அதான்" என்று சமாளிப்பேன். முன்னேற்றம் என்றால் சூப்பர்வைசர் ஆவது, மாடி எடுத்துக் கட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். படி தாண்டுவதெல்லாம் ஒரு கணக்கா?

ஒருநாள் காலை அடுப்படியில் காபி குடித்தபடி செல்வியிடம் கம்பெனிக் கதை பேசிக்கொண்டிருந்தேன். டம்ளர் காலியான பிறகுதான் உறைத்தது. நடுவில் அவள் அணைந்த ஸ்டவ்வைத் திரும்பப் பற்றவைத்திருந்தாள், நான் நகரவே இல்லை. அன்று முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

மாமா மட்டும் வருடா வருடம் வெடி போட்டு முடித்த பிறகுதான் புதுவேட்டி கட்டுவார். கேட்டால், "மாப்ள பக்கத்துல நிக்காகல்ல" என்பார். வீடே சிரிக்கும், நானும்தான். அந்த வாளித் தண்ணீர்க் கதையை இன்றைக்கும் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு தீபாவளிக்கு நானே ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு, பூச்சட்டி பற்றவைக்கத் தெருவில் இறங்கினேன். வாளி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா வீட்டுக்குள் போய், புதுவேட்டி கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"நனைஞ்சிரப் போகுதுய்யா" என்றாள் செல்வி.

"அதெல்லாம் நனையாதுத்தா" என்றார்.