வாலில் வைத்த கால் கிலோ

தராசுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எது சாய்ந்திருந்தாலும் கை சும்மா இருக்காது. சுவரில் மாட்டிய படமோ, அடுத்த வீட்டுக் கல்யாணப் பந்தலோ, போய் நிமிர்த்தினால்தான் தூக்கம் வரும். எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது. ஆகாயத்தில் போகிற சாமானைக்கூட விட்டுவைக்கவில்லை.

செஞ்சி கடைத்தெருவில் எங்களுக்கு மல்லாட்டை மண்டி (வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). அறுபதுகளின் நடுவில், கிலோ வந்தும் ஜனங்கள் வீசையை மறக்காத காலம். பள்ளிக்கூடத்தை நிறுத்தியதிலிருந்து சில்லறை எடை போடுவது நான்தான். முள் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நைனாவே சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

அப்போதுதான் அத்தை மகன் கோதண்டம் பெங்களூரிலிருந்து வந்தார். விமானத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு அவரைப் பேசிவைத்திருந்தார்கள். எனக்கும் பிடித்திருந்தது (அன்றைக்கு இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் தோலை உரித்திருப்பார்கள்). நைனாவுக்குத்தான் மனசில்லை. காரணம், கோதண்டம் பஸ் கூரையில் கட்டிக்கொண்டு வந்த பொம்மை விமானம். பொம்மை என்றால் கையில் வைத்து ஆடுவதில்லை. இறக்கை மட்டுமே கட்டிலைவிட நீளம். கீழே நின்று ரேடியோப் பெட்டியில் பொத்தானைத் தட்டினால் மேலே அது திரும்புமாம்.

"சம்பாதிக்கிறத எல்லாம் இதுல விடறான். இவன் இன்னாத்த குடும்பம் பண்ணுவான்?" என்றார் நைனா.

"ஒரு தபா பறக்கறத பாருங்க மாமா. அப்புறம் பேசுங்க" என்றார் கோதண்டம்.

"பறந்தா பொண்ணு. பறக்கலன்னா இத்த எடுத்துக்கினு அடுத்த பஸ்ஸுல ஏறு."

நைனா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் வந்ததுதான்.

மறுநாள் காலை கோதண்டம் மண்டிக்குள் இறக்கையைப் பூட்டினார். அவ்வளவு பெரிய விமானத்தைத் தனியாளாகத் தூக்கிச் சமம் பார்க்க முடியாதாம். ஆட்கள் வல்லத்துக்கு மூட்டை ஏற்றப் போயிருந்ததால் என்னைக் கூப்பிட்டார். இறக்கையின் அடியில், முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு பக்கமும் பென்சில் கோடு போட்டிருந்தார்.

"அந்தக் கோட்டுல ஒரு விரல் வெச்சித் தூக்கு. நான் இந்தாண்ட தூக்கறேன்."

தூக்கினோம். அவ்வளவு பெரிய சாமான் எங்கள் விரல்நுனியில் நின்றது. மூக்கு மட்டும் லேசாகத் தாழ்ந்தது.

"சரியா இருக்குது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணெதிரே ஒரு பக்கம் சாய்கிறது, சரியாம். ஏன் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்தா போய்விடும்? இப்படியே விட்டால் மூக்கு குத்தி விழும், என் கல்யாணமும் கூடவே விழும் என்று முடிவு செய்தேன். அதோடு, தூக்கிய இடமே தப்பு. தராசுக் கோலை நடுவில்தானே கட்டுவார்கள்? மூக்கிலிருந்து வால்வரை கயிறு பிடித்து, அதை இரண்டாக மடித்து, நடுவைக் கண்டுபிடித்தேன். அங்கே கட்டிப் பெரிய தராசுக் கொக்கியில் தொங்கவிட்டால், மூக்கு தரையைப் பார்த்தது. வாலுக்குள் கம்பி போகிற சந்தில் ஒரு கால் கிலோ எடைக்கல்லைத் திணித்து, ஆடாமலிருக்கக் கோணித்துண்டை அடைத்தேன். விமானம் நூல் பிடித்தது போல் நேராக நின்றது. எனக்கு ஒரே பெருமை.

ராஜகிரிக் கோட்டைக்குக் கீழே, மல்லாட்டை பிடுங்கிய கொல்லையில் விடுவதாக ஏற்பாடு. வால் பக்கத்தை நானே தூக்கி வந்ததால் அவருக்குக் கனம் தெரியவில்லை. நைனா குடையோடு ஓரமாக நின்றார்.

எஞ்சின் அலறியது. ஓடியது, எழும்பியது. எழும்பியதும் மூக்கை ஆகாயத்துக்குத் தூக்கியது. கோதண்டம் பெட்டியைத் தட்டு தட்டென்று தட்டினார். அது கேட்கவில்லை. செங்குத்தாக நின்று, மல்லாக்கப் புரண்டு, நைனாவின் திசையிலேயே வந்து விழுந்தது. வால் பிய்ந்தது. உள்ளேயிருந்து எடைக்கல் தெறித்து, உருண்டு, அவர் செருப்பில் முட்டி நின்றது.

நைனா குனிந்து கல்லை எடுத்துத் துடைத்தார்.

"என் கடைக் கல்லு உன் கைக்கு எப்டிடா வந்துது? திருட்டு வேறயா?"

கோதண்டம் கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் பிய்ந்த வாலை எடுக்கப் போனார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான்தான் வெச்சேன் நைனா. மூக்கு சாஞ்சுது. சமம் பண்ணேன்."

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"நடுவுலதான கட்டின?"

"நடுவுலதான்."

"நேரா நின்னுதா?"

"ஆடாம நின்னுது."

நைனா திரும்பினார். "அப்புறம் இன்னாடா? புள்ள சரியாத்தான் போட்டிருக்குது. உன் சாமான்தான் சரியில்ல."

விமானம் விழுந்தபோதுகூடக் கோதண்டத்தின் முகம் அப்படிப் போகவில்லை.

"மாமா, இது தராசு இல்ல. தூக்கறது இறக்கை. அந்தக் கோட்டுல தூக்கினா மூக்கு கொஞ்சம் தாழணும். அப்பதான் அடங்கிப் பறக்கும். வால்ல கனம் போட்டா முரட்டுக் குதிர மாதிரி நிமிந்துக்கும்."

"வேணும்னே ஒரு பக்கம் தாழ வெக்கிறதா? எங்க கடைத்தெருவுல அதுக்குப் பேரு கள்ளத் தராசு. முத்திரை போட வர்றவன் பாத்தா கேஸ் எழுதுவான்."

அரை நாள் போராடினார் கோதண்டம். உடைந்த இறக்கையை விரலில் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். கடைசியில் நைனா குடையை மடக்கினார்.

"சரிடா. சரக்கு கெட்டது எங்க கல்லால. நஷ்டத்த நாங்கதான் கட்டணும். இவள இட்டுக்கினு போ."

"சரி மாமா" என்றார் அவர். "ஆனா இவ பிளேன் கிட்ட வரக் கூடாது."

இப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. எங்களைப் பார்த்து யாராவது காதல் கல்யாணமா, பெரியவர்கள் பார்த்துச் செய்ததா என்று கேட்டால் போதும். இவர் என்னைக் கையால் காட்டி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "நஷ்டஈடு" என்கிறார்.