புகைச் சித்தர் வைத்த பரீட்சை

குமணன்சாவடி முழுக்க ஒரே பேச்சு: புகைச் சித்தர் வருகிறார். அடுப்புப் புகை போகிற போக்கைப் பார்த்தே வீட்டின் தலையெழுத்தைச் சொல்லிவிடுவாராம். அப்படியானால் காஸ் அடுப்பு வைத்திருப்பவர்களுக்குத் தலையெழுத்தே கிடையாது போலிருக்கிறது. ஆனாலும் அவர்கள்தான் விடிந்ததும் விடியாததுமாகக் கன்னியம்மாவின் விறகடுப்பு பிரியாணிக் கடை வாசலில் இடம் பிடித்தார்கள். சித்தரின் பூர்வாசிரமப் பெயர் ரவிச்சந்திரன். போன வருடம் வரை வேலப்பன்சாவடியில் ஊதுபத்தி விற்றவர். புகையோடு பழைய பழக்கம்.

கடைக்கு இரண்டு மாதமாகச் சோதனை. காலையில் ஒழுங்காக மேலே போகும் புகை, மத்தியானத்துக்கு மேல் புகைபோக்கி வழியாகவே திரும்பி உள்ளே இறங்கியது. வந்தவர்கள் இருமிக்கொண்டே தின்றார்கள். பிறகு வரவேயில்லை. இரண்டு மாதத்துக்கு முன்புதான் மகன் எழில் சுதாவைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அதே வாரம் கிழக்குப் பக்கம் இரண்டு மாடிக் கல்யாண மண்டபம் ஒன்றும் எழும்பி முடிந்திருந்தது. இரண்டில் எது காரணம் என்று கன்னியம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. மண்டபத்தைத் தாய்வீட்டுக்கு அனுப்ப முடியாதே.

சித்தர் காலையில் வந்து சுதாவைத் தெருவுக்கு அனுப்பினார். புகை கோடு போட்டாற்போல் மேலே போனது. மூன்று மணிக்கு மறுபடி வந்து அவளை அடுப்பருகே உட்காரவைத்தார். புகை குபுகுபுவென்று கீழே இறங்கியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"இந்தப் பொண்ணு காலு இந்த ஊட்ல கீற வரைக்கும் அக்னி பகவான் குந்த மாட்டாரு," என்றார் சித்தர். "இன்னிக்கே அனுப்பிடு. கழுத்துச் செயின மட்டும் பரிகாரத்துக்கு வச்சிட்டுப் போவட்டும்."

"கேட்டுகினியாடா?" என்றாள் கன்னியம்மா.

எழில் பெண்டாட்டியின் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். புகையால்தான் கண் கலங்குகிறது என்று சொல்லிக்கொண்டான். வசதியான புகை.

சுதா பெட்டியைப் பார்த்தாள். பிறகு சித்தரைப் பார்த்தாள். காலையிலும் சரி, இப்போதும் சரி, கண்ணை மூடுவதற்கு முன் சித்தர் ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். ஆகாயத்தைப் பார்க்கிறார் என்று ஊர் நினைத்தது. தினமும் மொட்டைமாடியில் துணி உலர்த்துகிற சுதாவுக்குத் தெரியும், அங்கே ஆகாயம் இல்லை. முச்சந்திக் கம்பத்தில் பறக்கும் கட்சிக் கொடி இருந்தது.

"போறேன் அத்தே," என்றாள். "ஒரே ஒரு தபா பாத்துட்டுப் போறேன். நான் பொட்டியோட ரோட்டாண்ட நிக்கறேன். என் எடத்துல சாமி குந்தட்டும்."

சித்தர் நெளிந்தார். "அது எதுக்குமா?"

"என்னாலதான பொக எறங்குது? நான் போனா மேல போவணும். சாமி ராசிக்கு ராக்கெட் கணக்கா போவும்."

"இப்ப நேரம் சரியில்ல. நாளைக்குக் காலைல..."

"காலைல இன்னா? கொடி அந்தாண்ட திரும்பிக்கும், அதானே?"

ஆட்டோ ஓட்டுகிற துலுக்கானம் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தார். "குந்து நைனா. உன் அக்னிதானே, உன்ன இன்னா கடிச்சிடுமா?"

சித்தர் குந்தினார். சுதா பெட்டியோடு தெருவைத் தாண்டிப் போய் நின்றாள். புகை இறங்கியது. கொஞ்சமும் தாட்சண்யம் பார்க்காமல் இறங்கியது. மூன்றாவது இருமலில் மந்திரம் நின்றது. ஐந்தாவதில் சித்தர் தாடி வரை கரியோடு வெளியே ஓடிவந்தார்.

"அப்ப மூதேவி யாரு," என்றார் துலுக்கானம், "சாமிதானா?"

சுதா திரும்பி வந்தாள். "காலைல காத்து மேக்கேருந்து வருது. குறுக்க ஒண்ணுமில்ல. மத்தியானத்துக்கு மேல கடல் காத்து. மண்டபத்தத் தாண்டிக் குதிச்சி நம்ம பொகபோக்கி தலமேலயே வுயுது. சாமி கொடியப் பாத்துச்சு. நீங்க சாமி மூஞ்சியப் பாத்துகினு நின்னீங்க."

கன்னியம்மா அண்ணாந்து கொடியைப் பார்த்தாள். சுதா பெட்டியை எழிலிடம் நீட்டினாள். "எடுத்தாந்த எடத்துலயே வை. கண்ணத் தொடச்சிகினு வை."

மறுநாள் சுதா மண்டபக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு வெல்டரை வைத்து, அவர் மாடிச் சுவருக்கு மேல் தலை நீட்டும்வரை புகைபோக்கிக் குழாயை ஏற்றினாள். அன்று மூன்று மணிக்குப் புகை மேலே போனது. சுதா அடுப்பருகேதான் இருந்தாள்.

கூட்டத்தில் பாதிப்பேர் அப்போது அங்கே இல்லை. கொரட்டூரில் ஒரு தண்ணீர்ச் சித்தர் வந்திருக்கிறாராம், பார்க்கப் போயிருந்தார்கள். அடுப்புக்குப் புகைபோக்கி வைக்கத் தெரிந்த மகாஜனங்களே, மண்டைக்கும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ரொம்ப நாளாகப் புகை அடைத்துக்கொண்டிருக்கிறது.